யாழ்ப்பாணத்திலிருந்து பாலைக் காடு பார்க்கப் போகிறீர்களா? மரத்தில் தொடங்குங்கள்

கொழும்புக்கு இரவு பஸ் ஏறும் யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லோரும் ஒரு பெரிய காட்டுக்குள்ளால்தான் போய் வருகிறோம். முறிகண்டியில் பஸ் நிற்கும், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போம், ஒரு சுருள் கச்சான் வாங்குவோம், ஏறி இருந்து கண்ணை மூடினால் முழிப்பது நீர்கொழும்பில். இடையில் மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று இரண்டு பக்கமும் இருந்த காடு எங்களுக்கு வெறும் இருட்டு. ஆனால் அந்தக் காட்டுக்கென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். எங்களுக்கோ விடியப் புறப்பட்டால் மத்தியானத்துக்கு முதல் போய்ச் சேரக்கூடிய தூரம்.

இந்தக் குறிப்பு, வன்னியில் தொடங்கி வில்பத்து வரை நீளும், பாலை மரம் ராசாவாக நிற்கும் அந்த உலர்வலயத்துப் பசுங்காட்டை எப்படிப் போய்ப் பார்ப்பது என்பதைப் பற்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிறுத்தையைத் தேடிப் போகாதீர்கள், மரத்தைத் தேடிப் போங்கள். எந்த மரம் எப்போது பழுக்கும், எந்த மரத்தின் பொந்தில் யார் குடியிருப்பார் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு, ஒரு இடத்தில் சத்தம் போடாமல் நின்றால், மிருகமும் பறவையும் தாமாகவே வரும். அதை விட்டுவிட்டு வயர்லஸில் யாரோ "சிறுத்தை" என்று சொன்னார் என ஜீப்பை விரட்டிக்கொண்டு ஓடினால், நாள் முழுக்கப் புழுதிதான் மிச்சம்.

முதலில் இது என்ன மாதிரிக் காடு என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கராஜா மாதிரி எப்போதும் ஈரம் சொட்டும் மழைக்காட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். இங்கே ஐப்பசி முதல் மார்கழி வரைதான் மழை கொட்டும், சித்திரையில் கொஞ்சம் பெய்யும், அதற்குப் பிறகு சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் மண் வெடித்துக் கிடக்கும். அப்படியிருந்தும் இந்த மரங்களில் பெரும்பாலானவை இலையைக் கொட்டுவதில்லை. அகலமான, தோல் போலத் தடித்த, கடும் பச்சை இலைகள், தண்ணீரை வீணாக்காமல் கோடையைத் தாண்டுவதற்கென்றே அமைந்தவை. மரங்கள் மெதுவாக வளரும், அதனால் வைரம் பாயும். உங்கள் வீட்டு முதிரைக் கதவும், அம்மம்மாவின் கருங்காலி உலக்கையும் இப்படிப்பட்ட காட்டிலிருந்து வந்த மரங்கள்தான்.

பழைய காடு என்றால் மனிதக் கால் படாத காடு என்று நினைக்கவும் வேண்டாம். அனுராதபுரக் காலத்திலும் பொலன்னறுவைக் காலத்திலும் இந்த நிலத்தின் பெரும் பகுதியில் குளமும் வயலும் ஊரும் இருந்தன. 13ஆம் நூற்றாண்டில் அந்தக் குளக்கட்டு நாகரிகம் சரிந்து, சனம் தெற்கும் மேற்குமாக நகர்ந்த பிறகு காடு திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடியது. ஆக நீங்கள் பார்க்கப்போகும் காட்டில் ஒரு பெரும் பங்குக்கு எழுநூறு எண்ணூறு வயது. காட்டின் நடுவே திடீரென்று ஒரு மண்கட்டு நீளமாக ஓடினாலோ, வேர்களுக்கு இடையில் கல்தூண் சரிந்து கிடந்தாலோ ஆச்சரியப்படாதீர்கள். உடைந்துபோன அந்தக் குளங்களில் இன்றும் மாரியில் தண்ணீர் தேங்கும், அந்தத் தண்ணீருக்குத்தான் யானை வரும். எனக்கு இந்தக் காட்டில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். மனிதர் வெட்டிய குளத்தை, மனிதர் போன பிறகு, காடு தனக்கென்று வைத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டு காலம் பாவித்து வருகிறது.

எங்கே போவது?

பக்கத்தில் என்றால் மடு. மடு வீதிப் பகுதி 1968 முதல் சரணாலயமாக இருந்து, 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆவணித் திருவிழாவுக்கு மடுமாதாவிடம் போகும் குடும்பங்களுக்கு அந்தக் காடு நன்றாகத் தெரியும், கூடாரம் போட்டுத் தங்கியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். திருவிழாக் கூட்டம் இல்லாத ஒரு நாளில் போய், கோயில் வீதியில் மரங்களின் கீழே மெதுவாக நடந்தாலே ஆரம்பப் பாடம் கிடைத்துவிடும். அதே ஆண்டில் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்தையும் சிலர் சொல்வார்கள், அது அருமையான இடம்தான், ஆனால் அது கடனீரேரியும் நீர்ப்பறவையும், அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டைக் காடாகவே பார்க்க வேண்டும் என்றால் வில்பத்துதான். 1905இல் சரணாலயமாகி, 1938இல் தேசிய பூங்காவானது, பரப்பளவு ஏறக்குறைய 1,317 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். போர்க்காலத்தில் நெடுங்காலம் மூடிக் கிடந்தது, 2003இல் திறந்து, நிலைமை மோசமாகித் திரும்ப மூடி, 2010இல் மறுபடி திறந்தார்கள். காட்டுக்குள்ளே இயற்கையாகவே அமைந்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கிப் பரந்த ஏரிகளாக நிற்கும், அவற்றை வில்லு என்கிறார்கள். கரையில் குறும்புல்வெளி, அதைச் சுற்றி வேலி கட்டியது போல உயர்ந்த காடு. மிருகம் பார்ப்பதற்கு இதைவிட வசதியான அமைப்பு வேறில்லை, ஏனென்றால் காட்டுக்குள் மறைந்திருக்கும் எல்லாமே தண்ணீருக்காக ஒரு நேரம் வெளியே வந்தே ஆக வேண்டும்.

போகும் வழி சுலபம். ஏ9 வீதியால் வவுனியா, மதவாச்சி தாண்டி அனுராதபுரம், அங்கிருந்து புத்தளம் வீதியில் நொச்சியாகமையைக் கடந்து மரகஹவெவ சந்தியில் வலது பக்கம் திரும்பி ஏறக்குறைய 8 கிலோமீற்றர் உள்ளே போனால் ஹுனுவிலகம வாசல். மரதன்கடவல என்ற இன்னொரு ஊரின் பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால் வான் சாரதிமாருக்கு முதலே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அது அனுராதபுரத்துக்கு மறுபுறம், கண்டி வீதியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம் சுமார் 195 கிலோமீற்றர், அதற்கு மேல் வாசலுக்கு ஒரு மணித்தியால ஓட்டம். ரயிலில் அனுராதபுரம் வரை வந்து, அங்கே வாகனம் பிடிப்பவர்களும் உண்டு. எப்படிப் போனாலும் சரி, முதல் நாள் பின்னேரமே போய் வாசலுக்குப் பக்கத்தில் எங்காவது தங்குங்கள். வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும், அந்த முதல் இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் நீங்கள் இவ்வளவு தூரம் வருகிறீர்கள். இரவிரவாக வந்து 9 மணிக்கு உள்ளே நுழைவதில் பிரயோசனம் குறைவு.

போகும்போது ஏ9 பயணத்தைப் பகலில் வையுங்கள் என்பது என் இன்னொரு வேண்டுகோள். மாங்குளத்திலிருந்து ஓமந்தை வரை கண்ணைத் திறந்து வைத்திருங்கள். வீதியோரத்தில் தெரிவது பெரும்பாலும் போருக்குப் பிறகு வளர்ந்த பற்றை, அதற்குப் பின்னால் தலை உயர்த்தி நிற்பதுதான் காடு. ஆனால் வாகனத்தை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கிப் போகாதீர்கள். வன்னிக் காடுகளில் மிதிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையை எங்கே கண்டாலும் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக்கூடாது, பலகை இல்லாவிட்டாலும் ஊர்ச்சனம் நடக்காத பாதையில் நீங்கள் நடக்கவே கூடாது. குழந்தைகளை ஒன்றுக்கு இருக்க விடுவதென்றால்கூட கடை, கோயில் பார்த்து நிறுத்துங்கள்.

எந்த மாதத்தில் போகலாம் என்று கேட்டால், வைகாசி கடைசியிலிருந்து ஆடி வரை என்பேன். வெயில் கொளுத்தும், உண்மைதான், ஆனால் அதுதான் பாலைப்பழக் காலம், வில்லுகளில் தண்ணீரும் வற்றி வரும், மிருகங்கள் எல்லாம் எஞ்சிய தண்ணீரைச் சுற்றி நிற்கும். மாசி, பங்குனி மாதங்கள் பறவைக்கு நல்லது, மழை கழுவிவிட்ட காடு பச்சையாக இருக்கும், வடக்கிலிருந்து வந்த விருந்தாளிப் பறவைகளும் இன்னும் திரும்பிப் போயிருக்காது. கார்த்திகை, மார்கழியில் பாதைகள் சேறாகும், வில்லுகள் நிரம்பும், மிருகங்கள் காடு முழுக்கச் சிதறிவிடும், அப்போது போக வேண்டாம்.

சரி, இப்போது மரங்கள்.

போவதற்கு முதல் ஊரிலேயே கொஞ்சம் பழகிக்கொள்ளலாம். மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். மருதமரத்தை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள்: வெளிறிய, வழுவழுப்பான பட்டை, இடையிடையே தகடு தகடாக உரியும், அடிமரம் பருத்து வேரோடு இறங்கும். அதே மரத்தைத்தான் வில்பத்தில் தண்ணீர்க் கரையெல்லாம் பார்ப்பீர்கள். மருது நிற்கிறது என்றால் கீழே தண்ணீர் இருக்கிறது, அல்லது மழைக்காலத்தில் ஆறு ஓடும். முதலையும் அங்கேதான், மீன்கொத்தியும் அங்கேதான்.

பாலைதான் இந்தக் காட்டின் ராசா. உயரமாக, கரும்பட்டை வெடித்து, மேலே குடை விரித்தது போல நிற்கும். இலையை வைத்து அடையாளம் காண்பது சுலபம்: கிளை நுனியில் கொத்தாக இருக்கும், தடித்து மினுங்கும், நுனி கூராக இல்லாமல் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருக்கும். இறங்க அனுமதித்த இடத்தில் விழுந்த இலை ஒன்றைக் கையில் எடுத்து விரலால் நுனியைத் தடவிப் பார்த்தால் போதும், பிறகு மறக்க மாட்டீர்கள். பழம் சிறியது, மஞ்சள் நிறம், தேன் இனிப்பு, பால் உதட்டில் ஒட்டும். அந்தப் பழத்துக்காகக் கரடி மரம் ஏறும். மற்ற மாதங்களில் கரடியைக் காண்பது அதிர்ஷ்டம், பாலை பழுக்கும் காலத்தில் அது நம்பி எதிர்பார்க்கக்கூடிய விஷயம். அதனால் ஒவ்வொரு பெரிய பாலையின் கீழேயும் ஜீப்பை நிறுத்தி அடிமரத்தைப் பாருங்கள். ஏறி இறங்கிய நகக் கீறல்கள் பட்டையில் பக்கம் பக்கமாகத் தெரியும், புதிய கீறல் உட்பட்டையின் நிறத்தில் பளிச்சென்று இருக்கும், பழையது கறுத்துப் போயிருக்கும். பாதையில் கிடக்கும் கரடிச் சாணம் பாலைக்கொட்டையால் நிறைந்திருக்கும். கரடி, மந்தி, இருவாய்ச்சிப் பறவை எல்லாம் சேர்ந்துதான் இந்த மரத்தின் விதையைக் காடு முழுக்கக் கொண்டுபோகின்றன.

வீரை வேறு மாதிரி. அதன் அடிமரம் உருண்டையாக இருக்காது, முறுக்கிப் பிழிந்தது போல நீள நீளமாக வரம்பும் பள்ளமுமாக இருக்கும், வயது போனால் உள்ளே கோறையாகிவிடும். பார்ப்பதற்கு நோய் பிடித்த மரம் மாதிரித் தோன்றும், ஆனால் அந்தக் கோறைதான் காட்டின் குடியிருப்பு. ஆந்தை, உடும்பு, தேனீ, மரநாய் என்று யாராவது உள்ளே இருப்பார். ஒரு முதிய வீரையைக் கண்டால் ஜீப்பை நிறுத்தி, தொலைநோக்கியால் ஒவ்வொரு பொந்தாக, அவசரப்படாமல், கீழிருந்து மேலே பாருங்கள். இருவாய்ச்சிகளும் பழைய மரப்பொந்தில்தான் முட்டையிடும். பெண்பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு சிறு பிளவு மட்டும் இருக்கும், ஆண்பறவை அதன் வழியாகக் குஞ்சு வளரும் வரை பழம் ஊட்டும். இப்படி ஒரு பொந்து உண்டாக ஒரு மரத்துக்கு எத்தனை வருடம் செல்லும் என்று யோசித்துப் பாருங்கள். இளங்காட்டை நட்டு உண்டாக்கலாம், இருவாய்ச்சிக்கு ஏற்ற பொந்தை நட முடியாது. பழைய காட்டை வெட்டிவிட்டு அதற்குப் பதிலாக வேறு இடத்தில் கன்று நடுகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இவை தவிர முதிரை, கருங்காலி, விண்ணாங்கு, நாவல், குருந்து எல்லாம் உண்டு. கருங்காலியின் பட்டையே கரி பூசியது போலக் கறுப்பு. விண்ணாங்கின் இலையைக் காற்றுப் புரட்டும்போது அடிப்பக்கம் வெளிறித் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மருது, பாலை, வீரை மூன்றும் தெரிந்தால் முதல் பயணத்துக்குத் தாராளம்.

உள்ளே போகும் ஏற்பாடு

சொந்த வாகனத்தில் உள்ளே போவதைவிட அங்கே ஜீப் பிடிப்பது நல்லது, மணற்பாதையும் சேறும் தெரிந்தவர்கள் அவர்கள். காலை மட்டும், பின்னேரம் மட்டும், முழுநாள் என்று மூன்று விதமாகப் பேசுவார்கள். வயது போனவர்களோ சின்னப் பிள்ளைகளோ இல்லாவிட்டால் முழுநாளையே எடுங்கள், பூங்கா பெரியது, அரை நாளில் போய்த் திரும்பும் வேகத்திலேயே நேரம் முடிந்துவிடும். நுழைவுச்சீட்டு வனஜீவராசிகள் திணைக்களத்தினுடையது, ஜீப் கூலி வேறு. உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு அதைவிடப் பல மடங்கு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சித்தப்பா குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் இதை முதலே பேசிக்கொள்ளுங்கள், இரட்டைப் பிரஜாவுரிமை இருப்பவர்கள் அடையாள அட்டையைக் கையில் கொண்டுவரட்டும். எங்களுக்கும் அடையாள அட்டை தேவைப்படும்.

ஜீப் சாரதியோடு ஏறும்போதே பேசிவிடுங்கள். அவர்களில் அநேகருக்குத் தமிழ் தெரியாது, எங்களில் அநேகருக்குச் சிங்களம் வராது, ஆனால் நாலு சொல் போதும். "அய்யா" என்று கூப்பிட்டால் சிங்களத்தில் அண்ணன், மரியாதையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். "ஹெமின் யமு" என்றால் மெதுவாகப் போவோம். "பொட்டக் நவத்தன்ன" என்றால் கொஞ்சம் நிறுத்துங்கள். கொட்டியா சிறுத்தை, வலஹா கரடி, அலியா யானை, குருல்லோ பறவைகள், கஸ் மரங்கள். எங்களுக்கு மரமும் பறவையும் பார்க்க வேண்டும், சிறுத்தை காணாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு வில்லிலும் அரை மணித்தியாலம் எஞ்சினை நிறுத்தி வைத்தால் போதும் என்று சொன்னால், சாரதியின் முகமே மாறும். அவர்கள் மேல் எப்போதும் இருக்கும் நெருக்கடி, வந்தவர்களுக்குச் சிறுத்தை காட்ட வேண்டும் என்பதுதான். அதை நீங்கள் எடுத்துவிட்டால், அவர்களுக்குத் தெரிந்த மற்றதெல்லாம் வெளியே வரும். ஒரு ஆந்தை தூங்கும் கிளையை, ஒரு நட்சத்திர ஆமை தினமும் கடக்கும் இடத்தை, எந்த வில்லின் தண்ணீர் உப்பு என்பதை அவர்களைப்போல யாரும் சொல்ல மாட்டார்கள். திரும்பி வரும்போது கையில் கொஞ்சம் கூடவே கொடுங்கள்.

எஞ்சின் நின்ற பிறகு முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பொறுங்கள். முதலில் காது பழகும். மந்திக்குரங்குகள், கறுத்த முகமும் நீண்ட வாலும் உள்ளவை, மேலே இருந்து இலையும் பழமும் தின்று பாதியைக் கீழே உதிர்க்கும், கீழே புள்ளிமான்கள் அதைப் பொறுக்கும். இது சும்மா சாப்பாட்டுச் சிநேகம் இல்லை, காவலும் சேர்ந்தது. மேலே இருப்பவருக்குத் தூரம் தெரியும், கீழே இருப்பவருக்கு மணம் தெரியும். சிறுத்தை நடமாடினால் மந்தி தொண்டையைக் கிழித்துக்கொண்டு இருமுவது போலக் குரைக்கும், புள்ளிமான் உச்சக் குரலில் ஒரே ஒரு கூர்ச்சத்தம் போட்டு முன்காலால் நிலத்தைத் தட்டும். மான் சில நேரம் வீணாகவும் பயப்படும், ஆனால் மரை, அந்தப் பெரிய காட்டுமான், கனத்த குரலில் கத்தினால் அது பெரும்பாலும் பொய்க்காது. எல்லா மான்களும் ஒரே திசையைப் பார்த்துக் காதை நிமிர்த்தி நிற்கின்றனவா, அந்தத் திசையை நீங்களும் பாருங்கள். சிறுத்தை பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே வழி இதுதான், ஓடித் திரிவது அல்ல.

காட்டுக்கோழியைக் கட்டாயம் பாருங்கள். இலங்கையில் மட்டுமே உள்ள பறவை, நாட்டின் தேசியப் பறவையும் அதுதான், விடியற்காலையில் பாதையோரத்தில் தாராளமாக மேயும், ஆனால் எங்கள் ஊர்ச் சேவல்தானே என்று நினைத்து விட்டுவிடுவோம். சேவலின் கொண்டையைத் தொலைநோக்கியில் பிடியுங்கள்: சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு ஒன்று இருக்கும், ஊர்ச் சேவலுக்கு அது இல்லை. வெயில் பட்டால் கழுத்து இறகு செம்பொன்னாக மின்னும், வாலடியில் கத்தரிப்பூ நீலம் தெரியும். அப்புறம் ஆறுமணிக்குருவி. ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வந்து சித்திரை வரை நிற்கும், விடியவும் பொழுது படவும் ஆறு மணியை ஒட்டி இரட்டைக் குரலில் கூப்பிடும், நிலத்தில் சருகைப் புரட்டித் திரியும், பச்சை, நீலம், செம்மஞ்சள், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. யாழ்ப்பாணத்து வளவுகளுக்கும் இது வரும், களைத்துப்போய்க் கிணற்றடியில் விழுந்து கிடப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அது தேடி வரும் வீடு இந்தக் காடு.

கரடி கறையான் புற்றைக் கிண்டும் சத்தம் கேட்டால் அசையாமல் இருங்கள். அதற்கு மேல்தாடையின் முன்பற்கள் இரண்டு இல்லை, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு அந்த இடைவெளியால் கறையானை உறிஞ்சும். புழுதியை ஊதித் தள்ளுவதும் உறிஞ்சுவதும் மாறி மாறி, நல்ல தூரத்துக்குக் கேட்கும். அந்த வேலையில் மூழ்கியிருக்கும்போது நீங்கள் இருப்பதையே கவனிக்காது. அதனால்தான் காட்டில் நடந்து போகிறவர்களுக்கு யானையைவிடக் கரடியிடம் பயம், திடீரென்று நேருக்கு நேர் பட்டால் அது ஓடாது, முகத்தைத்தான் தாக்கும். ஜீப்பை விட்டு இறங்கக்கூடாது என்ற விதி இருப்பது இதற்குத்தான். இறங்க அனுமதித்த ஒரு சில இடங்கள் உண்டு, சாரதி சொல்லுவார், அங்கே மட்டும் காலை நீட்டிச் சாப்பிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகம் இல்லை. தொலைநோக்கி ஒன்று இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள், 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் முன்வில்லையும் உள்ளது காட்டு நிழலுக்குச் சரி, அதைவிடப் பெருக்கம் கூடினால் ஓடும் ஜீப்பில் கை நடுங்கும். மண் நிறத்தில் நீளக்கை உடுப்பு, நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, தொப்பி. புழுதிக்கு ஒரு துவாய். ஆளுக்கு மூன்று லீற்றராவது தண்ணீர். கட்டுச்சோறு வாழையிலையில் கட்டினால் பொலித்தீன் பிரச்சினை இல்லை, ஆனால் கருவாட்டுப் பொரியலை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், மணத்துக்குக் குரங்கு ஜீப்புக்குள் ஏறும். வாசனைத் தைலம், பவுடர் வேண்டாம். போனில் பாட்டுப் போடுவதும், குருவிச் சத்தத்தைப் போட்டுக் குருவியைக் கூப்பிடுவதும் கூடாது. ட்ரோனுக்கு அனுமதி இல்லாமல் வழியில்லை. ஒரு இலையோ கொம்போ இறகோ வெளியே கொண்டுவருவதும் சட்டப்படி குற்றம், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இலையைப் பார்த்த பிறகு அங்கேயே போட்டுவிடுங்கள்.

ஜீப்பில் இருந்தே பார்த்துச் சலிப்பவர்கள், காலால் நடந்தே ஆக வேண்டும் என்பவர்கள், அடுத்த நாள் றிட்டிகலைக்குப் போகலாம். அனுராதபுரத்திலிருந்து ஹபரணைப் பக்கம், 766 மீற்றர் உயர மலை, அடிவாரத்தில் பழைய பிக்குகள் வாழ்ந்த தபோவனத்தின் இடிபாடுகள், பெரிய குளியல் குளம், காட்டுக்குள்ளால் ஏறிப்போகும் கல் பாவிய பாதை. அனுமான் தூக்கி வந்த சஞ்சீவி மலையில் ஒரு துண்டு இங்கே விழுந்தது என்று சொல்வார்கள், மூலிகைக்குப் பெயர் போன மலை. வெயில் கொளுத்தும் நாட்டின் நடுவே உச்சியில் மட்டும் மேகம் தங்கும், அதனால் அங்கே ஈரவலயத்துச் செடிகள் வளர்கின்றன. உச்சிப் பகுதி கடும் இயற்கை ஒதுக்கம், அனுமதி இல்லாமல் ஏற முடியாது, இடிபாடுகள் வரைதான் எங்களுக்கு. அதுவே இரண்டு மணித்தியால நடைக்குப் போதும். காலை வேளையில் போனால் கல்படியில் இருந்தபடியே மர அணிலும் இருவாய்ச்சியும் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முதல் உண்ணி தேடுங்கள். உலர்காட்டில் அட்டை குறைவு, உண்ணி அதிகம், காதுக்குப் பின்னால், இடுப்பு மடிப்பில், முழங்காலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். சின்னச் சாவணத்தால் தோலோடு ஒட்டியே பிடித்து நேராக மெதுவாக இழுங்கள், நெருப்புக் குச்சியால் சுடுவது, எண்ணெய் விடுவது வேண்டாம். சில நாளில் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஆனி, ஆடியில் திரும்பி வருகிறீர்கள் என்றால் வவுனியாவுக்கு இந்தப் பக்கம் வீதியோரத்தில் பாலைப்பழம் விற்பார்கள், கட்டாயம் வாங்குங்கள், அவர்களுக்கு அது ஒரு சில கிழமைகள் மட்டும் கிடைக்கும் வருமானம். ஆனால் எப்படிப் பறித்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மரத்தில் ஏறி ஆய்ந்த பழமும், கீழே பாய் விரித்து உலுப்பிப் பொறுக்கிய பழமும் நல்லது. ஆய்வது சிரமம் என்று கிளையோடு தறித்து விழுத்திப் பறிப்பவர்களும் இருக்கிறார்கள், அப்படிக் கிளையோடு கட்டி வைத்திருப்பதை வாங்காமல் அடுத்த கடைக்குப் போங்கள், ஏன் வாங்கவில்லை என்பதையும் "அண்ணை, கிளை தறிச்ச பழம் வேண்டாம்" என்று நேராகவே சொல்லிவிட்டுப் போங்கள்.